மூட்டு மாற்றிய முழங்காலை வீட்டில் தேற்றுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அறுபதைக் கடந்த பெண்களில் பலர் பால்மரக் (ரப்பர்) காட்டில் உழைத்தவர்கள். விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் குனிந்து வெட்டி, பால் நிறைந்த வாளிகளைக் காண்டா என்ற காவுதடியில் தூக்கித் தோளில் சுமந்தே முப்பது, நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள். என் தாயாரும் அவர்களில் ஒருவர். அவருக்கு ஈப்போவில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்தது. நான்காம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிந்திய மூன்று மாதங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதையும், அவருடைய பிசியோதெரபிஸ்ட் திரும்பத் திரும்பச் சொன்னதையும், நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் அறுவை மருத்துவர் சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் அவர் பார்த்த காரணம் ஒன்று இருக்கும்.

முதலில், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. தேய்ந்துபோன தொடை எலும்பின் அடிமுனையையும் கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்துவிட்டு, மேலே பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகக் கவசத்தையும், கீழே டைட்டானியத் தட்டையும் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே தேய்மானம் குறைந்த பாலிஎத்திலீன் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். இந்தப் பொருத்தம் முதல் நாளிலிருந்தே உடல் எடையைத் தாங்கும். அதனால்தான் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறார்கள். நடந்தால் கழன்றுவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு: அறுத்துத் தைத்த தசையும் சவ்வும் ஆறும்போது உள்ளே தழும்பு படர்கிறது, அந்தத் தழும்பு முழங்காலை எந்த நிலையில் வைத்திருக்கிறோமோ அந்த நிலையிலேயே இறுகிவிடுகிறது. ஓய்வு நேரத்தில் கால் நேராக இருக்க வேண்டும், பயிற்சி நேரத்தில் நன்றாக மடங்க வேண்டும். முதல் 6 வாரங்களின் வேலை முழுவதும் இதுதான்.

தலையணையால் வந்த வினை

வீட்டுக்கு வந்த முதல் வாரம் முழுவதும் அம்மாவின் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்திருந்தோம். கால் சற்று மடங்கியிருந்தால் வலி குறைகிறது; அவர் முகம் தெளிகிறது; பார்க்க வந்த அத்தையும் "பாவம், எழுப்பாதீங்க, படுத்திருக்கட்டும்" என்றார். பாசத்தில் செய்த இந்தக் காரியம்தான் நாங்கள் செய்த பெரிய தவறு. இரண்டாம் வாரம் பிசியோவுக்குப் போனபோது, அந்தப் பெண் அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டச் சொல்லிவிட்டு, முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே தன் கையை நுழைத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுதும் தாராளமாகப் போய்வந்தது. "அம்மா, இந்த இடைவெளி மூடவில்லை என்றால் வாழ்நாள் முழுதும் நொண்டித்தான் நடக்க வேண்டியிருக்கும்; தலையணையை இன்றோடு விட்டுவிடுங்கள்" என்றார்.

முழுமையாக நீளாத முழங்காலோடு நிற்பவருக்குத் தொடைத் தசை ஒரு கணமும் ஓய்வதில்லை. அதனால் சீக்கிரம் களைப்பார், இடுப்பும் நோகும். வீக்கம் வடியக் காலை உயர்த்த வேண்டும் என்றால் தலையணையைக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் வெறும் காற்றுதான் இருக்க வேண்டும். அந்தக் கை நுழைக்கும் சோதனையை வீட்டிலேயே நாள்தோறும் செய்து பார்க்கலாம். விரல்நுனி மட்டும் நுழையும் நிலை வந்தால் நல்ல முன்னேற்றம்.

வீட்டை முன்கூட்டியே ஒழுங்குசெய்தல்

இதை அறுவைக்கு முந்திய வாரமே முடித்துவிட வேண்டும். ஆள் மருத்துவமனையிலிருந்து வந்தபின் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. தோட்டத்து லயத்து வீடானாலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடானாலும் முதலில் கவனிக்க வேண்டியது கழிவறை. குந்தி உட்காரும் கழிவறையைப் பயன்படுத்த முடியாது. குந்துவதற்கு முழங்கால் 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும், மாற்றிய மூட்டுகளில் பெரும்பாலானவை 110 முதல் 120 வரையில்தான் நிற்கும். நடுவில் துளையுள்ள கமோட் நாற்காலி ஒன்றை வாங்கி, குந்தும் தொட்டிக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் அறுவை செய்தவர்கள் அங்குள்ள மருத்துவ சமூகப் பணிப் பிரிவில் கமோட், வாக்கர் போன்றவற்றுக்கு உதவி கிடைக்குமா என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். கேட்காமல் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

தரையில் படுக்கும் பழக்கமுள்ளவர்களுக்குக் கட்டில் வேண்டும்; அதன் உயரம், விளிம்பில் உட்கார்ந்தால் பாதங்கள் தரையில் படிந்து இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும் அளவாக இருக்கட்டும். கைப்பிடியுள்ள மர நாற்காலி ஒன்று போதும். கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது பின்னுக்கு வழுக்கும், புதைந்துபோகும் சோபாவிலிருந்து எழவே முடியாது. கால்மிதிகளையும் வாசற்படிக் கோணிகளையும் சுருட்டி எடுத்து வையுங்கள். கைலியோ நீண்ட பாவாடையோ வாக்கரின் காலில் சிக்கும், ஆகவே கணுக்காலுக்கு மேலே நிற்கும் உடையே நல்லது. ஜப்பான் சிலிப்பரைத் தவிர்த்து, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வாருள்ள செருப்பை அணிய வேண்டும். வீட்டுக்கு முன்னால் உள்ள லோங்காங்கின் (சாக்கடையின்) மீது ஆடும் பலகை கிடந்தால் அதை இறுகக் கட்டுங்கள் அல்லது சிமெண்டுப் பலகை போடுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த சிமெண்டு முற்றத்தை எதைக் கொண்டாவது தேய்த்துவிடுங்கள்.

பயிற்சி

பயிற்சிக்கு அரைமணி முதல் முக்கால்மணி நேரத்துக்கு முன்பே வலி மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும். "வலி வரும்போது போட்டுக்கொள்கிறேன்" என்று தள்ளிப்போடுபவர்கள் வலிக்குப் பயந்து பயிற்சியை விடுகிறார்கள், பயிற்சியை விட்டதால் கால் இறுகுகிறது, இறுகியதால் வலி கூடுகிறது. முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த நேரப்படி மாத்திரையைப் போட்டுக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு வலி பொறுப்பது ஒரு பெருமை. இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பெருமை உதவாது.

படுத்தபடி செய்ய வேண்டியது மூன்று. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது முதலாவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இருபது முறை அசைத்தால் கெண்டைக்காலில் இரத்தம் தேங்காமல் ஓடும், இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பும் குறையும். இரண்டாவது, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையை நோக்கி அழுத்தி, 5 எண்ணும் வரை பிடித்துவிட்டுத் தளர்த்துவது. பத்து முறை, நாளைக்கு மூன்று, நான்கு வேளை. தொடையின் முன்தசை கெட்டியாவதைக் கையால் தொட்டே உணரலாம். மூன்றாவது, குதிகாலை மெத்தையில் இழுத்தபடி முழங்காலை மடக்குவது. குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டால் எளிதாக வழுக்கும். அதற்கும் வலு போதவில்லை என்றால், பழைய கைலியைப் பாதத்தில் சுற்றி இரு முனைகளையும் கையால் இழுக்கலாம்.

உட்கார்ந்து மடக்குவதுதான் அம்மாவுக்குப் பலன் தந்தது. கனமான மர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அதில் நன்றாகப் பின்தள்ளி உட்கார்ந்து, அறுவை செய்த காலை நாற்காலிக்கு அடியில் முடிந்த மட்டும் இழுத்து, நல்ல காலை அதன் முன்னே குறுக்காக வைத்துப் பின்னோக்கித் தள்ளி, 10 எண்ண வேண்டும். என் தம்பி மகன் ஒருநாள் பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியால் அம்மாவின் கட்டைவிரல் நின்ற இடத்தில் தரையில் ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதினான். அதன்பின் நாள்தோறும் கோடு போடுவது வீட்டு வழக்கமாகிவிட்டது. சில நாள்கள் கோடு நகரவில்லை. ஒரு நாள் வீக்கத்தால் முன்னுக்கே வந்துவிட்டது. ஆனால் பத்து நாள்களை ஒருசேரப் பார்த்தபோது ஒரு சாண் அளவுக்குப் பின்னே போயிருந்தது. வலி குறையவில்லையே என்று சலித்துக்கொண்டிருந்தவர், தரையைப் பார்த்துத்தான் நம்பினார்.

எவ்வளவு மடங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 முதல் 70 பாகை போதும், படியேற 85 அளவில் வேண்டும், படியிறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90-ஐத் தாண்ட வேண்டும், தாழ்வான இருக்கையிலிருந்து எழ 105 தேவைப்படும். 6 வாரத்துக்குள் 90-ஐத் தாண்டிவிட்டால் நிம்மதி கொள்ளலாம். அதற்கும் கீழே நின்றுவிட்டால் மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் சொல்லிவிடுங்கள். மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு, தழும்பு முற்றிப்போன பிறகு அது அவ்வளவாகப் பலிக்காது.

பயிற்சி முடிந்ததும் ஐஸ். துணியில் சுற்றிய ஐஸ் பையை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். தோலின்மேல் நேரடியாக வைக்கக்கூடாது. நாளைக்கு நான்கைந்து முறை வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம் நம் வீடுகளில் கைவைத்தியமாகத் தானாக வந்துவிடும். முதல் வாரங்களில் அது வீக்கத்தைக் கூட்டும்.

எண்ணெய், சாப்பாடு, சர்க்கரை

ஊரில் எலும்புக்கு எண்ணெய் போட்டுத் தடவுவதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஊருட் எனும் உடம்பு பிடித்துவிடுதலைச் செய்யும் மலாய்க்காரப் பெண்மணிகளும் உண்டு. அவர்களுடைய கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆறாத காயத்தின் மேல் எண்ணெய் படுவது கிருமிக்கு வழி திறப்பதாகும். கெண்டைக்காலை அழுத்தி உருவுவது, அங்கே இரத்தக்கட்டி இருந்தால் அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக் கூடும். காயம் முழுதும் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகு தழும்பை மட்டும் மெல்லத் தடவிவிடலாம். மூட்டுவலிக்கு என்று சந்தையிலும் இணையத்திலும் விற்கும் லேபிள் சரியில்லாத ஜாமு, மாஜூன் போன்ற நாட்டு மருந்து வகைகளை அறவே தவிர்க்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதாக மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியை மந்திரம்போல் போக்கும். கூடவே சர்க்கரையை ஏற்றும், காயம் ஆறுவதையும் தடுக்கும்.

காயத்துக்குப் பத்தியம் என்று முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசச்சோறு மட்டும் கொடுக்கும் வழக்கமும் ஆகாது. தசை தேறப் புரதம் வேண்டும். விரால் மீனைக் காயம் ஆற்றும் மீன் என்று மலாய்க்காரரும் நம்மவரும் ஒருங்கே நம்புகிறார்கள். நல்ல புரதம் என்ற அளவில் அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். பருப்பு, முட்டை, நெத்திலி, சோயாவில் செய்த தௌஃபு, தெம்பே எதுவானாலும் வேளைக்கு ஒன்று தட்டில் இருக்கட்டும். டிரமடோல் போன்ற வலி மாத்திரைகள் மலச்சிக்கலைத் தரும் என்பதால் பப்பாளி, கீரை, தண்ணீர் மூன்றையும் கூட்டுங்கள்.

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியர்களிடையே நிலைமை இன்னும் மோசம். அறுவையின் உளைச்சலிலேயே சர்க்கரை ஏறும். பார்க்க வருபவர்கள் மைலோ, ஹார்லிக்ஸ், குளிர்பானம் என்று வாங்கிவந்து, கட்டிப்பால் ஊற்றிய தேநீரோடு உட்கார்ந்து பேசுவார்கள். மரியாதைக்காக நோயாளியும் ஒரு கிளாஸ் குடிப்பார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் கிருமி பற்றுவது எளிது. வந்தவர்களுக்குக் கொடுங்கள், அம்மாவுக்குச் சீனியில்லாத தேநீர் என்று முதல் நாளிலேயே சொல்லிப் பழக்கிவிடுவது நல்லது. சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கடையில் விற்கும் வலி மாத்திரையைத் தாங்களாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

எப்போது பதற வேண்டும்

முழங்கால் கையால் தொட்டால் சூடாக இருப்பதும், தொடையிலிருந்து கணுக்கால்வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போவதும், தழும்புக்கு வெளிப்பக்கத்தில் தோல் மரத்துப்போவதும், நடக்கும்போது உள்ளே 'டக்' என்று ஓசை கேட்பதும் வழக்கமானவை. வீக்கம் மாலையில் கூடிக் காலையில் குறையும். அது முழுதாக வடிய 3 முதல் 6 மாதம் பிடிக்கும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் இரவுத் தூக்கம் கெடுவதும் பலருக்கு நேர்கிறது. அப்போது நோயாளி காரணமில்லாமல் அழுவார், இந்த அறுவையே வேண்டாமென்று இருந்திருக்கலாம் என்பார். அம்மாவும் சொன்னார். வாதம் செய்யாமல் எழுப்பி, வாக்கரோடு அடுக்களைவரை ஒரு நடை கூட்டிப்போய் வந்தால் மறுபடி தூங்கினார்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் கல்லாக இறுகி வலித்து, மறுநாளும் குறையாமல் வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உறவினரின் காருக்காகக் காத்திராமல் 999-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையோ வயிற்றில் போடும் ஊசியையோ, நன்றாக நடக்கிறாரே என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

காயத்தை மூடியுள்ள ஸ்டேப்பிள் கம்பிகளைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதுவரை காயம் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிறகும் நன்றாக மூடும்வரை ஆற்றிலோ தொட்டியிலோ காலை ஊறவைக்கக் கூடாது. காயத்திலிருந்து நீரோ சீழோ வழிவது, சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குறைந்துவந்த வலி திடீரென்று கூடுவது ஆகியவை மூட்டுக்குள் கிருமி புகுந்ததன் அடையாளமாக இருக்கலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அருகிலுள்ள கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பதற்கு முன் மருந்து போட்டுவிட்டால் எந்தக் கிருமி என்று கண்டறிவது கடினமாகிவிடும். அறுவை செய்த மருத்துவமனைக்கே போக வேண்டும்.

நடை, படி, வண்டி, வேலை

வாக்கர் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் வரை தேவைப்படும், பிறகு கைத்தடி. தடியை நோவுள்ள காலின் பக்கமே பிடிப்பது எல்லோரும் செய்யும் பிழை. அறுவை வலது காலில் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வெயில் ஏறுமுன், நாய்த்தொல்லை இல்லாத தார்ச்சாலையில், முதலில் ஐந்து நிமிடம், பிறகு நாளொன்றுக்குச் சற்றுக் கூட்டி நடக்கலாம். செம்மண் தோட்டச் சாலையில் மூன்று மாதத்துக்குப் போக வேண்டாம். நடந்த மறுநாள் வீக்கம் அதிகமானால் முந்திய நாள் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அன்று பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

வலது கால் அறுவைக்குப் பின் கார் ஓட்ட ஏறக்குறைய 6 வாரமாவது ஆகும். பிரேக்கைத் தயக்கமில்லாமல் மிதிக்க முடிய வேண்டும், மயக்கம் தரும் வலி மாத்திரையும் நின்றிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை, ஓட்டுவதைவிட அதை நிறுத்தி ஒரு காலை ஊன்றும் நொடிதான் ஆபத்தானது. ஆகவே மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

பால்வெட்டுக்கோ, செம்பனைக் குலை சுமக்கவோ திரும்பலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் எண்ணம். உதிரிப்பழம் பொறுக்க ஒரு காலைப்பொழுதில் எத்தனை முறை குந்தி எழுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். 2019-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, மாற்றிய முழங்கால் மூட்டுகளில் 82 விழுக்காடு 25 ஆண்டுகளுக்கும் நிலைக்கின்றன என்று கணக்கிட்டது. அந்த ஆயுளைச் சுமையிலும் குந்தலிலும் செலவழிக்க வேண்டியதில்லை. நடை, நீச்சல், வீட்டு வேலை, தோட்டத்துக் கீரைப்பாத்தி ஆகியவற்றுக்குத் தடையில்லை, கீரை பறிக்க ஒரு முக்காலி இருந்தால்.

கோயிலில் தரையில் சம்மணமிட வேண்டாம். நாற்காலி கேட்பது சாமிக்குக் குறையாகாது. தைப்பூசம் வந்ததும் பத்துமலைக்குப் போகலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். அங்கே 272 படிகள். ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்து, இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் இறக்கி, கைப்பிடியை விடாமல் வீட்டுப் படியில் பழகியிருந்தாலும், மூன்று மாதத்துக்குள் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்மா அந்த ஆண்டு அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு, தைப்பூசத்துக்கு இரு வாரம் முன்பு, கூட்டமில்லாத ஒரு காலைப்பொழுதில் ஏறினார். ஏறியதைவிட இறங்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, அதற்காகப் பாதியில் இரண்டு முறை உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.